மூன்றாம் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

1. முப்பத்தொரு வயதில் வரைபலகை

"ஐயா, பிள்ளையைச் சேர்க்க வந்தனீங்களோ?" என்று வாசல் காவலாளி கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. எண்பத்து நான்காம் ஆண்டுத் தொடக்கம். படவரைஞர் பயிற்சிக்கு, இரண்டு வருட முழுநேர மாணவனாக, நான் போய் நின்ற முதல் நாள்.

"இல்லை, நான்தான் அந்தப் பிள்ளை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வழுக்கை ஏறியிருந்த என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பிந்தின மழையும் மழைதான். உள்ளை போங்கோ" என்றார்.

அந்தச் சொல்லை அன்றைக்கே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். ஆட்கள் வாயில் வருவதைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்குப் பழைய வியாதி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பிறகு கற்றதெல்லாம் ஆட்களின் வாயிலிருந்துதான்.

அதற்கு முந்திய பன்னிரண்டு வருடமும் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் ஸ்ரோர்கீப்பராக இருந்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது கையில் மாற்றி உடுக்க ஒரு சாரமும், கடைத் திறப்புக் கோர்வையும் இருந்தன. திறப்பதற்குத்தான் கதவு இல்லை. சாவகச்சேரியில் மனைவியின் வீட்டில், மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஒதுங்கினேன். ஒரு கைத்தொழில் இல்லாதவனை இனி ஒருவரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் படிக்கப் போனேன்.

படிப்பு காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடியும். வரவு குறைந்தால் சோதனைக்கு இருக்க விடமாட்டார்கள். கொடிகாமம் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றிப் பார்த்தேன். சந்தை கூடுகிற நேரமும் வகுப்புத் தொடங்குகிற நேரமும் ஒன்றாக இருந்தன. ரியூசன் சொல்லிக் கொடுக்கப் போனேன். பத்தாம் வகுப்புக்காரனிடம் பிள்ளையை விட ஒருவரும் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, நான் போகும் நேரத்துக்குக் காத்திருக்கக்கூடிய ஒரு வேலை. இப்போது படித்துக்கொண்டே உழைக்கிற பிள்ளைகள் தேடுவதும் அதைத்தான். எனக்கு அது செத்தவீட்டில் கிடைத்தது.

2. காத்திருக்கக்கூடிய வேலை

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியையன்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். முன்னால் இறந்தவரின் படம். இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா. ஆண்டுத் திவசம் எப்போது வரும் என்று குடும்பம் அதைப் பார்த்துத்தான் நினைவு வைத்திருக்கும். பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். இன்னாருக்கு மகன், இன்னாருக்குக் கணவன், இன்னின்னாருக்குத் தந்தை என்று உறவுமுறை சொல்லும் ஒரு பக்கம். பாட்டுகளை அன்றைக்கு ஒருவர் இராகம் போட்டுப் படிப்பார். மற்றப் பக்கங்களை அவரவர் வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் பகுதியில் இதை எழுதிவந்த புலவர் மகனோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். சாவகச்சேரியில் ஒரு சிறிய அச்சகத்தில் செல்லத்துரை அண்ணை என்று ஒரு கொம்போசிற்றர் இருந்தார். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் கட்டுகிற வேலை அவருடையது. ஒருநாள் என்னைப் பிடித்தார்.

"நீர் நெடுகக் கதைக்கிற ஆள். ரெண்டு வரி எழுத மாட்டீரோ?"

"அண்ணை, எனக்கு வெண்பா வராது."

"வெண்பா ஆருக்கு ஐசே வரும்? பழைய கல்வெட்டு ஒரு கட்டுக் கிடக்கு. கொண்டுபோய்ப் பாரும். செத்தவை முறைப்பாடு செய்ய வரமாட்டினம்."

கொண்டுபோய்ப் பார்த்தேன். தளை தட்டாமல் எழுத மூன்று மாதம் பிடித்தது. வேலையின் நல்ல குணம் என்னவென்றால், எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு முடிந்தபின்தான் வீட்டார் ஆளனுப்புவார்கள். முப்பதாம் நாள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். இடைப்பட்ட மூன்று கிழமையும் என் கையில். பஸ்ஸில் எழுதலாம். மதியச் சாப்பாட்டு மணியில் எழுதலாம். ஆசிரியர் முதுகு காட்டும்போதும் எழுதலாம்.

செத்தவீட்டுக்குப் போனதும் மற்றவர்கள் பிறந்த வருடத்தைக் கேட்பார்கள். நான் முதலில், "அவர் அடிக்கடி என்ன சொல்லுவார்?" என்று கேட்பேன். அதைக் கேட்டவுடன் அழுதுகொண்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு யோசிப்பார்கள். ஒரு பஸ் ட்ரைவரின் வீட்டில், "கியர் மாறேக்கை சத்தம் வரும், மருமகள் வரேக்கையும் சத்தம் வரும், ரெண்டையும் கேக்காத மாதிரி ஓடோணும் எண்டு சொல்லுவார்" என்றார்கள். சொன்னது மருமகளேதான். அப்படியே போட்டேன். பிறகு, "எங்கடை ஆளுக்கும் அந்தப் பொடியன்தான் எழுதோணும்" என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். காசாகத் தருவார்கள், இல்லாதவர்கள் நெல்லாகவும் தேங்காயாகவும் தருவார்கள். வீட்டில் அடுப்பு எரிந்தது.

எண்பத்தைந்தில் வேலை கூடியது. அச்சுத் தகட்டில் புளொக் செய்வதற்கென்று அவர்கள் கொண்டுவருகிற படங்களில் வயது குறைந்துகொண்டே வந்தது. முதலில் கலியாணப் படம். பிறகு அடையாள அட்டைப் படம். பிறகு பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தைக் கொண்டுவந்து, "ரெண்டாம் வரிசையிலை இடப்பக்கம் நிக்கிறவன், இவன்ரை முகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாமோ?" என்று கேட்டார்கள். பேரப்பிள்ளைகள் புலம்பலுக்கு அந்தப் புத்தகங்களில் இடமில்லை. தாய் புலம்பலுக்கோ பழைய கல்வெட்டுகளில் மாதிரி இல்லை.

"தாய் புலம்பல் ஒண்டு பொதுவா எழுதித் தாரும். கட்டி வைக்கிறன். இனி அடிக்கடி வேணும்" என்றார் செல்லத்துரை அண்ணை. பகிடியாகச் சொல்லவில்லை. எழுத்தைக் கோத்தபடியே சொன்னார்.

அவர் சில பக்கங்களை அவிழ்ப்பதில்லை. உறவுமுறைப் பக்கத்தை நூலால் கட்டி அப்படியே வைத்திருப்பார்; அடுத்த வீட்டுக்குப் பெயர்களை மட்டும் மாற்றுவார். வேலை கெதியாக முடியும்.

3. தேங்காய் வியாபாரியின் வீடு

மருதப்பர் கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம் செய்தவர். நெஞ்சுவலியில் இறந்தார். ஒன்பதாம் நாள் நான் போனேன். மனைவி இலட்சுமிப்பிள்ளை அம்மா பாயில் இருந்தார். மூத்த மகள் சரசுவின் கணவர் சிவபாதம், ஒரு கந்தோரில் கிளாக்கர், கதிரையில் இருந்து பெயர்களைச் சொன்னார்.

"அவர் அடிக்கடி என்ன சொல்லுவார், அம்மா?"

"அந்த மனிசன் சொல்லாதது என்ன இருக்கு? கதைச்சுக் கதைச்சே ஏவாரத்தைக் கெடுத்தவர்." கொஞ்சம் யோசித்தார். "தேங்காய்க்கு மூண்டு கண், வாங்கிறவனுக்கு ரெண்டு கண், விக்கிறவன் குருடனா இருந்தால்தான் நித்திரை வரும் எண்டுவார்."

எழுதிக்கொண்டேன். பிள்ளைகளின் பெயர்களுக்கு வந்தோம். சரஸ்வதி, மங்கையர்க்கரசி, தவராசா, சாந்தினி. மூன்றாவது தவராசா. தவம் என்று கூப்பிடுவார்கள். ஒரே மகன். ஒன்றரை வருடத்துக்கு முதல் படையினர் பஸ்ஸை மறித்து இறக்கிக் கொண்டுபோனவர்களில் ஒருவன். அதன்பிறகு தகவல் இல்லை.

"தம்பி, மற்றதெல்லாம் நீர் உம்மடை விருப்பத்துக்கு எழுதும். எனக்கு ஒண்டுதான் வேணும். தவத்தின்ரை பேர் மற்றப் பிள்ளையளோடை நிரையா வரோணும்."

"மாமி, அதுக்கொரு முறை இருக்கு" என்று சிவபாதம் தொடங்கினார். "இருக்கிற ஆக்களை..."

"இருக்கிற ஆள்தான் அவன். தெற்கிலை ஒரு முகாமிலை வைச்சிருக்கிறாங்கள். விடுபட்டு வந்த பொடியன் ஒருத்தன் கண்டவனாம். பச்சைச் சாரத்தோடை, மெலிஞ்சு போய்." அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் ஏன் கேக்கிறன் தெரியுமோ? அவன் தேப்பனுக்குக் கொள்ளி வைக்கேல்லை. மருமோன்தான் வைச்சவர். இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் குடுத்துக் கேக்கப்போறன். இஞ்சை பாருங்கோ, தேப்பன் செத்தது இந்தத் திதி, ஒரே ஆம்பிளைப் பிள்ளை இவன், திவசத்துக்காவது விடுங்கோ எண்டு. அச்சிலை இருந்தால்தான் அவங்கள் நம்புவாங்கள்."

அவருக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் வைப்பார். வாசிக்கத் தெரியாதவர்கள் அச்சின்மேல் வைக்கிற நம்பிக்கை எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை.

வாசல் படலை வரைக்கும் சிவபாதம் கூட வந்தார். "மனிசி சொல்லுறபடி எழுதும், ஐசே. ஆனால் சாந்தினிக்கு ஒரு சம்பந்தம் பேசிறம். தமையன் உள்ளை கிடக்கிறான் எண்டு அச்சிலை போனால் ஆர் வருவான்? இல்லாதவன் எண்டால் ஒரு அழுகையோடை முடிஞ்சுபோம்."

"நான் அம்மா சொன்னபடிதான் எழுதுவன், அண்ணை."

"எழுதும், எழுதும். நான் சும்மா சொன்னனான்."

அம்மா சொன்னபடிதான் எழுதினேன். உறவுமுறைப் பக்கத்தில் நான்கு பெயரையும் நிரையாக எழுதினேன். மக்கள் புலம்பலிலும் அவனைச் சேர்த்தேன்.

சரசுவும் மங்கை தானும் தவமுடன் சாந்தி யோடும்
அரசென இருந்த அப்பா எங்கென அழுகின் றாரே

இந்த இரண்டு வரியில் எனக்கு அளவுக்கு மிஞ்சிய பெருமை.

4. புறூவ்

பிழை திருத்தப் போடும் முதல் அச்சான புறூவ் வந்தது ஒரு புதன்கிழமை. மெஷின் மறுநாள் ஓட வேண்டும். கல்லூரியில் அன்றைக்கு முழுநாளும் வரைதல் வகுப்பு. இறுதிச் சோதனைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வரைபலகையைக் கொஞ்சம் நிமிர்த்தி, அதற்குக் கீழே மடியில் வைத்துப் புறூவைப் பார்த்தேன். பாட்டுகளை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு ஒற்றுப் பிழைகூட விடவில்லை. உறவுமுறைப் பக்கம் வந்தபோது ஆசிரியர் என் நிரைக்கு வந்துவிட்டார். அது எப்போதும் உள்ள பக்கம்தானே, பெயர்கள் இருக்கின்றன என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் பந்தலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். படிப்பவர் மக்கள் புலம்பலைத் தொடங்கினார். 'தவமுடன்' என்ற சொல் வந்தபோது இலட்சுமிப்பிள்ளை அம்மா நெஞ்சில் ஒருமுறை அடித்துக்கொண்டு, என்னைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். நன்றாகச் செய்தாய் என்று அதற்கு அர்த்தம். அந்த மகிழ்ச்சியில்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

"...சரஸ்வதி, மங்கையர்க்கரசி, காலஞ்சென்ற தவராசா, சாந்தினி ஆகியோரின் பாசமிகு தந்தையும்..."

நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் முழுக்கப் புத்தகம் விரிந்து கிடந்தது. எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கிற பக்கம் அது. ஒருவர் முகம்கூட மாறவில்லை. சரசு வாசித்தார், மூடினார். சிவபாதம் பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "தம்பிக்குச் சோறு போடுங்கோ" என்று ஆருக்கோ சொன்னார்.

நான் சாப்பிட்டேன். எல்லோரும் சாப்பிட்டோம். அவன் இறந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள். அதனால் அந்தச் சொல் அவர்களுக்குப் பிழையாகப் படவே இல்லை. எனக்கு அது பிழை என்று தெரியும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் தெரியும். பாட்டில் கேட்டுவிட்டார், மனம் ஆறிவிட்டது, ஏன் கிளறுவான் என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு கோழைக்கு இரக்கம் என்ற உடுப்பு எவ்வளவு அளவாகப் பொருந்தும் என்று அன்றைக்குக் கண்டேன்.

அடுத்தநாள் அச்சகத்துக்குப் போனேன்.

"அண்ணை, நான் அந்தச் சொல்லை எழுதேல்லை."

செல்லத்துரை அண்ணை கையை நிறுத்தவில்லை. "பழைய பக்கத்திலை அந்த இடத்திலை கிடந்தது. அந்த வீட்டிலையும் மூண்டாவது பிள்ளைதான் இல்லாதது. எழுத்தைக் கிள்ளி எடுக்கத்தான் சாவணத்தை வைச்சன். பிறகு, இவர் எழுத மறந்திட்டார் எண்டு நினைச்சன்."

"மறக்கேல்லை."

"ஒண்டரை வருசம், தம்பி. ஆர் திரும்பி வந்தவை?"

"அது தாய் சொல்ல வேண்டியது."

"புறூவிலை நீர் கையெழுத்து வைச்சிருக்கிறீர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

5. மனு

ஆறு கிழமை கழித்து, மதிய மணி அடித்தபோது, காவலாளி வந்து, "உம்மைத் தேடி ஒரு அம்மா" என்றார். வாசலில் இலட்சுமிப்பிள்ளை அம்மா கடதாசிப் பையோடு நின்றார். கொடிகாமத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

"தம்பி, கொழும்பிலையிருந்து ஒரு பெரியவர் வாறாராம். முகாமிலை இருக்கிற பொடியளின்ரை தாய் தேப்பனை விசாரிக்கிறதாம். எனக்கும் கடிதம் வந்திருக்கு. ஒரு மனு வடிவா எழுதித் தாரும்."

வேப்பமரத்துக்குக் கீழே இருந்து எழுதினேன். அவர் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினார். பிறப்பத்தாட்சி. பள்ளிக்கூடக் கடிதம். கிராம சேவகரின் கடிதம். படம். கணவரின் மரண அத்தாட்சி. கடைசியில் கல்வெட்டு. புதுச் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"இதைத்தான் மேலை வைக்கோணும். இதிலைதானே எல்லாம் கிடக்கு. அவன்ரை பேரும் கிடக்கு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வேறொன்றுதான் வந்தது. "எண்டைக்கு அம்மா விசாரணை?"

சொன்னார். அது என் இறுதிச் செய்முறைச் சோதனை நாள்.

"நீரும் கூட வந்தால் நல்லது, தம்பி. இங்கிலீசிலை கேட்டால் எனக்கு ஏலாது."

"அண்டைக்கு எனக்குச் சோதினை, அம்மா."

"ஓ, சோதினையோ. அது விடக்கூடாது." உடனே விட்டுக்கொடுத்தார். "அவனும் சோதினைக்குப் போகேக்கைதான் பஸ்ஸிலை பிடிபட்டவன். நீர் போய் எழுதும்."

மணி அடித்தது. பத்திரங்களை அடுக்கி, மனுவை மேலே வைத்துக் குண்டூசி குத்தினேன். குத்தும்போது கல்வெட்டை உருவி என் வரைதல் கொப்பிக்குள் வைத்தேன். மரண அத்தாட்சி இருக்கிறது, தகப்பன் இறந்ததற்கு அது போதும், இந்தப் புத்தகம் அங்கே போகாவிட்டால் ஒரு கேடும் வராது என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொல்லாமலே பிழையைத் திருத்திவிட்டேன் என்ற நிம்மதியோடு வகுப்புக்குப் போனேன்.

6. வாசலில்

சோதனையன்று ஒரு வீட்டின் கிடைப்படமும் குறுக்குவெட்டும் வரையச் சொன்னார்கள். நன்றாகச் செய்தேன். பென்சிலால் வரைந்து, ட்றேசிங் கடதாசியில் கறுப்பு மையால் ஏற்றி, பிசகிய கோடுகளைச் சவர பிளேட்டால் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன். மூன்று மணிக்கு வெளியே வந்தபோது, அம்மா மதிலோரம் நிலத்தில் இருந்தார். பக்கத்தில் பை.

"சோதினை நல்லாச் செய்தீரோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஓம், அம்மா. நீங்கள் என்ன இஞ்சை?"

"நீர் புத்தகத்தை வைக்க மறந்துபோனீர், தம்பி. விடிய வெளிக்கிடேக்கை பாத்தன். வீட்டிலை மிச்சம் கிடந்தது. ஒண்டை எடுத்து மேலை வைச்சன்."

நானும் நிலத்தில் குந்தினேன்.

"பெரியவர் ஒண்டும் கதைக்கேல்லை. பக்கத்திலை இருந்த தமிழ் ஆள்தான் வாசிச்சுச் சொன்னது. வாசிச்சுக்கொண்டு வந்து நிப்பாட்டினார். அம்மா, இவர் செத்ததெண்டு நீங்களே அச்சடிச்சிருக்கிறியள், செத்தவரை விடச் சொல்லி எப்பிடி மனுப் போடுறியள் எண்டு கேட்டார். நான் அப்பிடி இல்லை ஐயா, பாட்டிலை அவன் இருக்கிறான் எண்டன். புத்தகத்தைத் திருப்பி விரலை வைச்சுக் காட்டினார். எனக்கென்ன தெரியும்? எறும்பு நிரை மாதிரித்தான் கிடந்தது. பெரியவர் கடதாசியிலை ஏதோ எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்கள்."

பையிலிருந்து ஒரு கல்வெட்டை எடுத்தார்.

"அந்தாள் சொன்னதை நான் நம்பேல்லை. எழுதினது நீர்தானே. நீர் சொல்லும். கிடக்கோ, இல்லையோ?"

"கிடக்கு, அம்மா."

"எது?"

பக்கத்தைத் திறந்து அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தேன். அவர் தன் விரலை அங்கே கொண்டுவந்து வைத்தார். எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"எத்தினை எழுத்து?"

"ஆறு."

"அவன்ரை பேர்?"

"தவராசா. நாலு."

"பேரைவிடப் பெரிசு" என்றார்.

நான் எழுதவில்லை என்று சொன்னேன். புறூவைப் பார்த்தபோது கவனிக்காமல் விட்டதையும் சொன்னேன். முப்பத்தோராம் நாளே கண்டதையும், வேப்பமரத்தடியில் உருவி எடுத்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"வந்த ஆக்களுக்கெல்லாம் தெரியுமோ?"

"ஓம்."

"சரசுவுக்கு?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப நான் ஒருத்திதான் குருடி" என்றார். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வீட்டில் மிஞ்சியிருந்த கல்வெட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கிறது. "இதுகளிலையாவது எடுத்துவிடும்."

என் வரைதல் பெட்டியில் பிளேட் இருந்தது. மதிலோரத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ட்றேசிங் கடதாசி போல அல்ல, அது மலிவான கடதாசி. மெலிந்து, மறுபக்கத்துத் தேவாரத்தின் எழுத்து ஊடாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் அவர் வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். ஒன்றில் பிளேட் வழுக்கி அவனுடைய பெயரின் முதல் எழுத்தும் போய்விட்டது. அதையும் அவர் கண்டுபிடித்தார். "இதை நீர் வைச்சிரும்" என்று திருப்பித் தந்தார். என்னை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

7. பிறகு

அடுத்தநாள் காலை, ஒரு சமாதான நீதவானிடம் போய், பிழை என்னுடையது என்று சத்தியக்கடதாசி முடித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு விசாரணை நடந்த அலுவலகத்துக்குப் போனேன். பெரியவர் முதல்நாளே கொழும்புக்குத் திரும்பிவிட்டார் என்றார் பியோன். கடதாசியை வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள். பதில் வரவில்லை. அம்மா அதன்பிறகு எத்தனையோ கதவுக்குப் போனார். நானும் பலமுறை கூடப் போனேன். தவராசா வரவில்லை. அந்தச் சொல்லால்தான் வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தச் சொல்லால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான் சோதனையில் சித்தியடைந்தேன். அந்தச் சான்றிதழில்தான் பிறகு முப்பது வருடம் சோறு தின்றேன்.

படித்துக்கொண்டே உழைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கவேலை என்று பெயர் வைப்பது நாங்கள். அந்த வேலையை எங்களிடம் தந்தவருக்கு அது பக்கவேலை அல்ல. எனக்கு அது வரைபலகைக்குக் கீழே மடியில் கிடந்த கடதாசி. அவருக்கு அது மகனைக் கேட்கப் போகிற ஒரே பத்திரம். களைத்துப்போய் இருந்தேன், சோதனை கிட்டியிருந்தது, பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் உண்மை. அந்த உண்மைகளில் ஒன்றையும் புறூவின் ஓரத்தில் எழுதி வைக்க முடியாது.

தொண்ணூற்றைந்து வரைக்கும் இடைக்கிடை கல்வெட்டு எழுதினேன். ஆனால் புறூவை அச்சகத்திலோ பஸ்ஸிலோ பார்ப்பதை விட்டுவிட்டேன். செத்தவீட்டுக்கே கொண்டுபோவேன். வாசிக்கத் தெரியாத ஆள் ஆர் என்று கேட்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்து, எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசிப்பேன். உறவுமுறைப் பக்கத்தை முதலில் வாசிப்பேன், ஒவ்வொரு பெயராக, பெயருக்கு முன்னால் உள்ளதையும் சேர்த்து. பாட்டுகளைக் கடைசியில்தான் வாசிப்பேன். அவற்றில் பிழை இருந்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.